ஏழாம் பாகத்தில் சாகப்போகிறவள்

கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினாள். வாயை மூடச் சொன்னார்கள், மூடினாள். இனி முக்கால் மணி நேரத்துக்கு ரெண்டையும் திறக்கக் கூடாது, மூக்குத் துவாரம் மட்டும்தான் உங்களுக்கு, அதுக்கு நான் பொறுப்பு என்றார் கோதண்டம் மாஸ்டர். அவர் விரலில் வெங்காய வாடை இருந்தது, காலையில் சட்னி அவரே அரைத்திருப்பார் போல, இல்லை, மனைவி அரைத்து இவர் தொட்டுச் சாப்பிட்டிருப்பார், கையை ஒழுங்காகக் கழுவவில்லை, இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் கை மாவு நெற்றியில் விழுந்தது. சில்லென்று. பல் டாக்டர் அளவெடுக்கிற அதே இளஞ்சிவப்பு மாவு, அதே புதினா வாசனை. நெற்றி, புருவம், இமை. புருவத்தில் முன்பே வாஸ்லின் தடவியிருந்தார்கள், முடிக்கு மேல் ரப்பர் தொப்பி, காதுக்குள் பஞ்சு. ஜெசிந்தாவின் வலது கையை ஃபர்ஜானா பிடித்துக்கொண்டிருந்தாள், மாஸ்டரிடம் ரெண்டு வருஷமாக வேலை பார்க்கிற பெண். "அக்கா, நான் அப்பப்போ கையை அமுக்குவேன். நல்லா இருந்தா ஒரு தடவை திருப்பி அமுக்குங்க. முடியலைன்னா ரெண்டு தடவை. ரெண்டு அமுக்கினா உடனே பிய்ச்சு எடுத்துடுவோம், அச்சு போனா போகட்டும்." பஞ்சுக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்டது. கன்னம், மூக்குத் தண்டு, உதடு. உதட்டின் மேல் மாவு வந்து உட்கார்ந்ததும் சொல்வதற்கு இருந்ததெல்லாம் உள்ளேயே நின்றுபோனது. சொல்ல ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். தாடை, கழுத்து, காது. அதற்கு மேல் ஈரத் துணிப்பட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்கள், கை முறிந்தவர்களுக்குப் போடுகிற அதே மாவுக்கட்டு. தலை கனத்தது. இது அவளுடைய தலைக்கான அச்சு. இதில் ரப்பரை ஊற்றி, முடி நட்டு, கண்ணாடிக் கண் வைத்து இன்னொரு தலை செய்வார்கள், 'பால்வெட்டு' படத்தின் ஏழாம் பாகத்தில் பதினோராவது நிமிடத்தில் அந்தத் தலை படிக்கட்டில் உருளும். அவள் நடிக்கிற லில்லியின் தலை. முதல் பாகத்தில் ஒன்பது பேர் செத்து லில்லி மட்டும் பிழைத்தாள். இருபத்துநாலு வருஷம் பிழைத்துக் கிடந்துவிட்டு இப்போது சாகப்போகிறாள். கதையைச் சொன்னபோது டைரக்டர் நிரஞ்சன் சங்கடத்தோடு அவள் முகத்தைப் பார்த்தான், உங்களுக்கு வருத்தம் இல்லையே அக்கா என்றான். இல்லையே என்றாள். இல்லைதான்.

ஒரு அமுக்கல். ஒரு அமுக்கல் திருப்பிக் கொடுத்தாள். இமைக்குள் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லை, அதில் ஏதோ மினுக்கியது, மாவின் கனம் கண்ணை அழுத்துவதால் இருக்கும், ஒரு வெளிச்சப் பொட்டு வந்து நின்றது, நகர்ந்தது. நெற்றிவிளக்கு. ரப்பர் தோட்டத்தில் விடியும் முன் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்கிற விளக்கு. படத்தில் கொலைகாரனுக்கு முகம் கிடையாது, அந்த விளக்கு மட்டும்தான், அதன் கண்கூசும் வெளிச்சத்துக்குப் பின்னால் யார் என்று தெரியாது, கையில் வளைந்த பால்வெட்டுக் கத்தி. குலசேகரத்துக்குப் பக்கத்தில் அவள் சித்தப்பா கணக்கப்பிள்ளையாக இருந்த எஸ்டேட்டில்தான் முதல் பாகத்தை எடுத்தார்கள். பத்தொன்பது வயசு, பி.எஸ்ஸி. தாவரவியல் ரெண்டாம் வருஷம், சும்மா வேடிக்கை பார்க்கப் போனவளை மரத்தடியில் நிறுத்தி ஓடச் சொல்லிப் பார்த்தார் பழைய டைரக்டர். நல்லா ஓடுறியேம்மா என்றார். அவ்வளவுதான், அப்படித்தான் நடிகை ஆனாள். விளக்கைக் கட்டிக்கொண்டது குருபாதம் அண்ணன், திருவொற்றியூரில் இருந்து வந்த சினிமாச் சண்டைக்காரர், பருமனான ஆள், பூனை மாதிரி நடப்பார். ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் பின்னாலிருந்து அவள் முழங்கையை ரெண்டு தரம் தொடுவார். "நான்தான்மா." அதைச் சொன்னபிறகுதான் துரத்துவார். மத்தியானம் அவளோடு உட்கார்ந்து புட்டும் பயறும் சாப்பிடுவார், இது என்னம்மா தினமும் இதையே சாப்பிடுறீங்க என்பார், சாப்பிட்டுக்கொண்டே. விளக்கைக் கண்டு அவளுக்குப் பயமே வரவில்லை. பயம் வரவில்லை என்பதுதான் டைரக்டருக்குக் குறை. கத்துறது கத்துற மாதிரி இருக்கு, ஆனா கத்தலை, என்பார். அவளுக்கு அது புரியவில்லை. தொண்டை கமறக் கத்தினாள். கத்திக் கத்திக் கருப்பட்டியும் சுக்கும் குடித்தாள்.

மாவுக்கட்டு சூடாக ஆரம்பித்தது. அது அப்படித்தான் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், காயும்போது சூடு வரும், பயப்படாதீங்க. கன்னத்தில் சூடு, மூக்கு நுனியில் அரிப்பு. அரிப்பை நினைக்காமல் இருக்க வேண்டும். புருஷன் வில்சனுக்குப் பருப்பு வைத்துவிட்டு வந்தாளா, வைத்தாள், குக்கரில் இருக்கிறது, சொல்லவில்லை, அவனாகத் திறந்து பார்க்க மாட்டான். மூக்கு நுனி. மூக்கு நுனியை விட்டு இடது காலின் கட்டைவிரலை நினைத்தாள். அப்போது கதவு திறந்தது, தரை அதிர்ந்தது, செருப்புச் சத்தம், நிரஞ்சன்தான், அவன் நடை கொஞ்சம் இழுவையாக இருக்கும். கூட இன்னொருவன், அசோசியேட். "அக்காவுக்கு நாம பேசுறது கேட்குமா மாஸ்டர்?" "காதுல பஞ்சு, அதுக்கு மேல மாவு, அதுக்கு மேல கட்டு. ஒண்ணும் கேட்காது சார்." கேட்டது. கிணற்றுக்குள் இருந்து கேட்கிற மாதிரி, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நிரஞ்சன் சொன்னான்: "நாளைக்குக் காலைல, மகளா நடிக்கிற அந்தப் பொண்ணோட ஷாட். அவகிட்ட நம்ம ஸ்டண்ட் செல்வமணிதான் விளக்கு கட்டுவாருன்னு சொல்லியிருக்கு. அவரோட நல்லாப் பழகிட்டா, அண்ணே அண்ணேங்கிறா. அதான் பிரச்சினை. கடைசி நேரத்துல வேற ஆளை விடுவோம். கட் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்னு சொல்லிரு. ஒரு அஞ்சு செகண்ட் எக்ஸ்ட்ரா. முதல் பாகத்துல பெரியவர் அப்படித்தான் எடுத்தாராம், மேக்கிங் புக்குல எழுதியிருக்கார். அந்த அலறலை இன்னிக்கு வரைக்கும் யாராலயும் பண்ண முடியலைல்ல." அசோசியேட் ஏதோ முனகினான். "ஒண்ணும் ஆகாதுப்பா. அக்காவே நல்லாத்தானே இருக்காங்க." சிரிப்பு. செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. ஃபர்ஜானாவின் கை அவள் கைக்குள் அசையாமல் இருந்தது.

அக்காவே நல்லாத்தானே இருக்காங்க. முதல் பாகத்தில் அந்த அலறல் வருகிற காட்சி ராத்திரி. எடுத்தது மத்தியானம் ரெண்டரை மணிக்கு, லென்ஸில் நீலக் கண்ணாடி போட்டு. ரப்பர் மரங்கள் ஒரே அளவில், ஒரே வரிசையில், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே காடு. மழை மூட்டத்தில் மரத்தடி இருண்டு கிடந்தது, இலைச் சருகு ஊறியிருந்தது. ஓடினாள். பின்னால் ஓடுகிற காலடி வேறு மாதிரி இருந்தது, பூனை நடை இல்லை, அதைக் கவனித்தாள், கவனித்தும் ஓடினாள், ஷாட் போகிறது, நிற்கக் கூடாது. முழங்கையைத் தொடவில்லை. முடியைப் பிடித்தான். முகம் குப்புறச் சருகில் போய் விழுந்தது, முதுகில் முட்டி ஏறியது, பிடரியில் அந்தக் கத்தி, மரக்கத்தி இல்லை, இரும்பின் குளிர். நான்தான்மா என்று சொல்லவில்லை. குருபாதம் அண்ணே என்று கூப்பிட்டாள். ஒரு கை வந்து வாயைப் பொத்தியது, வாய்க்குள் மண், அதைக் கடித்தாள், கை விலகியது, அப்போது கத்தினாள். அது அவள் கத்தியது இல்லை, வேறு எங்கிருந்தோ அது பாட்டுக்கு வந்தது. கட் என்று கேட்டது. முட்டி முதுகிலிருந்து எழவில்லை. இன்னொரு தரம் கட் என்றார்கள். எழவில்லை. எத்தனை நேரம், அஞ்சு செகண்டோ அம்பதோ. பாவாடை நனைந்துவிட்டது, மழைத்தண்ணி என்று நினைத்தாள், சூடாக இருந்தது. எழுந்து திரும்பிப் பார்த்தபோது விளக்கு முகத்தில் அடித்தது, அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை, பிறகு விளக்கு திரும்பி மரங்களுக்கிடையே போனது. யார் அது. ஒருத்தரும் சொல்லவில்லை. யூனிட் முழுக்கக் கை தட்டியது. டைரக்டர் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார், அழுதார் என்றே நினைவு, இதுக்குத்தாம்மா, இதுக்குத்தான் என்றார். அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம். பல்லில் மண் இருந்தது, சிரித்தாள். சாயந்திரம் குருபாதம் அண்ணன் அவள் அறை வாசலில் வந்து நின்றார், எனக்குத் தெரியாதும்மா, என்னை டீ குடிக்க அனுப்பிட்டாங்க என்றார். பரவாயில்லண்ணே என்றாள். அவர் மறுநாள் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ரொம்ப வருஷம், யூனிட் ஆட்களில் யாரைப் பார்த்தாலும், லைட்மேன், டிரைவர், சாப்பாடு போடுகிறவர், கையைப் பார்ப்பாள். ஆள்காட்டி விரலடியில் பல் பட்ட வடு இருக்கிறதா என்று. அப்புறம் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். எப்போது விட்டாள் என்று தெரியாது.

ஒரு அமுக்கல். ஃபர்ஜானா. ஜெசிந்தா கொஞ்சம் தாமதித்தாள். ரெண்டு தரம் அமுக்கினால் போதும். பிய்த்து எடுப்பார்கள், வாய் வந்துவிடும், அந்த நிமிடமே சொல்லலாம். என்ன சொல்வது. நீங்க பேசினதைக் கேட்டேன் என்றா. சொல்லி. அவள் பதினோராவது நிமிடத்தில் செத்துப்போகிறவள், நாளைக்குப் பதினெட்டாவது நிமிடத்தை எடுக்கப்போகிறார்கள், அதில் அவளுக்கு என்ன. ஒரு தரம் அமுக்கினாள். நல்லா இருக்கேன். அந்த அலறலை எல்லாப் பாகத்திலும் தலைப்பு வரும்போது போட்டார்கள், ரெண்டாம் பாகம், மூணாம் பாகம், அவள் நடிக்காத பாகங்களிலும் அவள் கத்தினாள். வில்சனின் நண்பன் ஒருவன் செல்போன் மணியாக வைத்திருந்தான், கல்யாணமான புதிதில் சாப்பிட வந்தபோது அது அடித்தது, எல்லோரும் சிரித்தார்கள், அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. தீவுத்திடல் பொருட்காட்சியில் பேய் வீடு ஒன்று, வெளியே ஒலிபெருக்கி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அது. மகளுக்கு அப்போது ஆறு வயசு, தட்டளவு டெல்லி அப்பளத்தை ரெண்டு கையிலும் பிடித்துக் கடித்துக்கொண்டே, அம்மா உள்ள யாரு கத்துறா என்றாள். யாரோ என்றாள். மிளகாய்ப் பொடி மகளின் மூக்கில் ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அதுதான், ஒன்றும் தோன்றவில்லை. சீரியலில் ரெண்டு வருஷம் அண்ணியாக நடித்தாள், முகத்துல ஒண்ணும் வரலையேம்மா என்று அங்கேயும் சொன்னார்கள். அம்மா செத்தபோது ஊருக்குப் போய்ப் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். ஜெசிந்தா நல்ல தைரியசாலி என்று பங்குச்சாமியார் சொன்னார். இருக்கலாம். மாவுக்கட்டின் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. முகம் இருக்கிற இடம் தெரியவில்லை, கன்னம் எது, உதடு எது, எல்லாம் ஒரே கெட்டியாக, யாருடையதோ மாதிரி, இந்த முகத்தைத்தான் இவ்வளவு வருஷமாக மேலே வைத்துக்கொண்டு அலைந்தோமோ, இல்லை, இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, பருப்பு குக்கரில் இருக்கிறது. அந்தப் பெண் நேற்று ஒத்திகைக்கு வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பை கொண்டுவந்தாள். அபிஷா. திங்கள்சந்தைக்காரி, இருபது வயசு நடக்கிறது, லில்லியின் மகளாக நடிக்கிறாள். எங்க அம்மைக்கு உங்கள அவ்வளவு இஷ்டம்க்கா என்றாள். சிப்ஸ் நல்ல முறுமுறுப்பு. நல்லா ஓடுவாளாம், கல்லூரியில் நானூறு மீட்டர். நல்லா ஓடுறவளைத்தான் பிடிப்பார்கள். சொல்லலாம். சொன்னால் நிரஞ்சன் முகம் என்ன ஆகும், நல்ல பையன், அக்கா அக்கா என்று ஏசி காற்று படுகிறதா என்று கேட்டுக் கேட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டவன். சொல்ல வேண்டாம். அபிஷாவுக்கும் பேர் கிடைக்கும். ஒரு தலைமுறைக்குப் பேர் கிடைக்கும். அவள் மகள் எங்கேயாவது நின்று அப்பளம் தின்பாள். அஞ்சு செகண்ட். எண்ணிப் பார்த்தாள். ஒண்ணு. ரெண்டு. மூணு என்பதற்குள் மூச்சு முட்டியது, மூக்கு திறந்துதான் இருந்தது, காற்று வந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் முட்டியது. நாலு. முதுகில் முட்டி. நாலுக்குப் பிறகு எண்ணவில்லை.

கத்தரிக்கோல் பிடரியில் மேலேறியது. கட்டு ரெண்டாகப் பிளந்து பின்பாதி கழன்றது, பிறகு முன்பாதி. "முகத்தைக் கொஞ்சம் அசைங்க, கன்னத்தை உப்புங்க, தானா வந்துரும்." அசைத்தாள், அசைகிறதா என்று தெரியவில்லை, சளக்கென்று ஒரு சத்தத்தோடு வந்துவிட்டது. வெளிச்சம். டியூப்லைட், ஜன்னலில் பன்னிரண்டு மணி வெயில், சுவரில் போன பாகங்களுக்குச் செய்த ரப்பர் கைகள், காதுகள், யாரோ ஒருவரின் அரைத் தலை. மாஸ்டர் அச்சைத் திருப்பிக் காட்டினார், உள்பக்கம் அவள் முகம் குழிவாக, கண்ணை மூடி, அமைதியாக. "ஒரு குமிழிகூட இல்லை. இவ்வளவு அசையாம உட்கார்ந்த ஆளை நான் பார்த்ததே இல்லம்மா." ஃபர்ஜானா ஈரத்துணியால் அவள் காதோரம் துடைத்தாள், அவள் கண்ணைப் பார்க்காமல். இவளும் கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் துடைக்கிறாள். டீ வந்தது. டீக்குப் பின்னாலேயே அபிஷா வந்தாள், கழுத்துக்கு மட்டும் அச்சு எடுக்க வேண்டுமாம், வெட்டுக்காயம் ஒட்டுவதற்கு. நிரஞ்சன் ஜன்னல் பக்கம் நின்று செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அபிஷா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குனிந்து கேட்டாள். "உள்ள இருக்கும்போ பேடியா இருந்துதாக்கா? பயந்தியளா?"

"இது ஒண்ணுமில்ல பிள்ளே" என்றாள் ஜெசிந்தா. உதடு மரத்துக் கிடந்தது, சொல் சரியாக விழுகிறதா என்று தெரியாமலே பேசினாள், சென்னைக்கு வந்தபிறகு வாயில் வராத ஊர்ப்பேச்சு தானாக வந்தது. "நாளைக்குக் காலைல ஒன்ன வெரட்டப்போறது செல்வமணி இல்ல கேட்டியா. வேற ஆளு. ஒனக்குச் சொல்லாம மாத்துவாவ. கட் சொன்ன பெறவும் அவன் ஒன்ன விடமாட்டான். அப்பிடித்தான் சொல்லியிருக்காவ." ஜன்னல் பக்கம் செல்போன் கீழே இறங்கியது. "அக்கா" என்றான் நிரஞ்சன், "அக்கா, அது வந்து." அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுபோகும். அபிஷாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள், ரெண்டரை மணி, நீலக் கண்ணாடி, இரும்புக் கத்தி, வாய்க்குள் மண், நனைந்த பாவாடை. கதையாகச் சொல்லவில்லை, எங்கே எதை வைத்தோம் என்று வீட்டு ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி ஒன்றொன்றாகச் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. டீயில் ஆடை படிந்தது. மாஸ்டர் கையில் கலந்த மாவு கெட்டியாகிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

அபிஷா ஆடை படிந்த டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "நீங்க அன்னைக்கு யார்ட்டயும் சொல்லலியாக்கா?"

"இல்ல."

"ஏன்?"

ஜெசிந்தா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், இதுவரை அவளை யாரும் கேட்டதில்லை.

"எல்லாரும் கை தட்டுனாவ பிள்ளே."

அபிஷா துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். நேராக நின்று பேசினாள். "சார், நாளைக்கு விளக்கு கட்டப்போறது யாருன்னு நான் இப்போ பாக்கணும். பாத்தாத்தான் ஓடுவேன். இல்லேன்னா நான் பஸ் ஏறிடுவேன்." நிரஞ்சன் அவளைப் பார்த்தான், ஜெசிந்தாவைப் பார்த்தான், காது சிவந்திருந்தது, உங்களுக்குக் கேட்கும்னு எனக்குத் தெரியாதுக்கா என்றான், அதுதான் அவனுக்கு முதலில் வந்தது. அப்புறம் அசோசியேட்டுக்குப் போன் போட்டான். பத்து நிமிஷத்தில் மாடிப்படி ஏறி ஒருவன் வந்தான், கட்டையான ஆள், முப்பது வயசிருக்கும், சாப்பாட்டுப் பந்தியில் இருந்து பாதியில் எழுந்து வந்தவன் போலக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே. பேர் சகாயராஜ் என்றான். என்ன சார், ஏதாவது தப்பா என்றான். அபிஷா அவன் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தாள், கையைப் பார்த்தாள். "அண்ணே, கட் சொன்னா ஒடனே எழும்பிருவியளா?" அவன் டைரக்டரைத் திரும்பிப் பார்த்தான். டைரக்டர் தலையை ஆட்டினான். "எழுந்துருவேம்மா" என்றான் அவன். "எனக்கும் தங்கச்சி இருக்கு." அபிஷா மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நீட்டினாள். கெட்டியான மாவைக் கொட்டிவிட்டு மாஸ்டர் புதிதாகக் கலக்க ஆரம்பித்தார்.

ஜெசிந்தா உட்கார்ந்தே இருந்தாள். ஏதாவது வரும் என்று காத்திருந்தாள், அழுகையோ, கோபமோ, ஒரு ஆறுதலாவது. வரவில்லை. முகம் இன்னும் மரத்துத்தான் இருந்தது. வயிற்றில் மட்டும் ஏதோ இழுத்துப் பிடித்தது, என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பசி. நல்ல பசி, மத்தியானம் காலேஜ் விட்டு வருகிறபோது பசிக்குமே அந்த மாதிரி. ஃபர்ஜானா இன்னும் துணியோடு பக்கத்தில் நின்றாள்.

"சாப்பாடு வந்துடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"கீழ வந்துருக்கும்க்கா. போலாமா?"

"போலாம். கொஞ்சம் கையைப் பிடி, கால் மரத்துப்போச்சு."